புதுச்சேரி புல்வார் பகுதியில் வீடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ‘புல்வார்’ என்று வழங்கும் பழைய நகரம், சுற்றுச் சாலைகளால் சூழப்பட்ட நீள்வட்டப் பகுதியாகும். பெரிய வாய்க்கால் அதை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடல் வரை ஒயிட் டவுன் எனப்படும் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு, மேற்கே தமிழர் பகுதி. இங்கே வீடு தேடி வருபவர்களில் பலர், கடற்கரைச் சாலைக்கு எத்தனை நிமிட நடை என்பதை முதலில் கேட்கிறார்கள். தாய்ப்பத்திரத்தைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் அட்வான்ஸ் கைமாறிய பிறகுதான். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். கடல் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறோம். கட்டுமானத் தடையும், உப்புக் காற்றும், வார இறுதிக் கூட்டமும் அந்தப் பக்கத்திலிருந்தே வருகின்றன.

பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கில் விலை பேசுவது பரவலாகக் காணப்படும் தவறு. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் செல்லும். வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பெரும்பகுதி இந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. 1991ஆம் ஆண்டு வந்த முதல் அறிவிக்கை 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது என்றாலும், நகராட்சி எல்லைக்குள் ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில், இருக்கின்ற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்பக்கமாக மட்டுமே புதிதாகக் கட்டலாம் என்ற அடிப்படை மாறவில்லை. வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் முகப்பைத் தொடுவதற்கே தனி அனுமதி வேண்டும். “பக்கத்து வீட்டுக்காரர் கட்டவில்லையா?” என்று தரகர் கைகாட்டும் மாடி, முறையான அனுமதியோடு எழுந்ததா என்பதை நகரமைப்புக் குழுமத்தில்தான் கேட்க வேண்டும், தரகரிடம் அல்ல.

பத்திர விஷயத்தில் புதுச்சேரிக்கென்று தனி வரலாறு இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் முடிந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. ஆகவே முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்தால் போதும் என்ற பழக்கம் இங்கே போதாது. பல வீடுகளின் மூலப் பத்திரம் பிரெஞ்சு மொழியில், அக்கால நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் பிரெஞ்சுச் சட்ட அலுவலர்) முன்னிலையில் எழுதப்பட்டிருக்கும். அதை முழுமையாக மொழிபெயர்த்து, யாருக்கு எந்தப் பங்கு எந்த நிபந்தனையுடன் சென்றது என்று வரிவரியாகப் படிக்காமல், விற்பவர் சொல்லும் சுருக்கத்தை நம்பி ஒப்பந்தம் எழுதிவிடுவது வழக்கை விலை கொடுத்து வாங்குவதாகும்.

இதில் வெளியூர்க்காரர்கள் அறியாத ஒரு சிக்கலும் உண்டு. 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் சமூக, மத வழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற தமிழ்க் குடும்பங்கள் உண்டு; அவர்களை ‘ரெனோன்சான்’ என்பார்கள். அவர்களுடைய வாரிசுரிமையைப் பிரெஞ்சுச் சட்டத்தின்படியே பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் தந்தை தம் சொத்து முழுவதையும் விருப்பப்படி ஒரே பிள்ளைக்கு உயில் எழுதிவிட முடியாது. ஒரு பிள்ளை இருந்தால் பாதியும், இருவர் இருந்தால் மூன்றில் இரண்டும், மூவரோ அதற்கு மேலோ இருந்தால் நான்கில் மூன்றும் பிள்ளைகளுக்கென்றே ஒதுங்கிவிடும். திருமண ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, மணமான பின் வாங்கிய வீட்டில் மனைவிக்கும் பங்கு உண்டு. உயில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூத்த மகன் தனியாக விற்க வந்தால், மற்ற பிள்ளைகள் பாரிசில் இருந்தாலும் ரெயூனியன் தீவில் இருந்தாலும் அவர்களுடைய கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. இந்துக் குடும்பமா, ரெனோன்சான் குடும்பமா என்பதைப் பெயரைப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. அதைக் காட்டும் ஆவணத்தைக் கேட்டு, உள்ளூர் வழக்கறிஞரிடம் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

விற்பவர் வெளிநாட்டில் இருக்க, இங்கே ஒருவர் ‘பவர்’ வைத்துக்கொண்டு விற்பது புல்வாரில் அன்றாடக் காட்சி. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்து உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் அத்தோடு செல்லாததாகிவிடும் என்பதால், கையெழுத்து நாளுக்கு முன் அவரோடு காணொளியில் முகம் பார்த்துப் பேசி, கடவுச்சீட்டைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. வரியும் இங்கே வேறு. விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. மூலதன ஆதாய வரியின் விகிதத்தில் வாங்குபவரே பிடித்தம் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் வரித்துறை தேடி வருவது பணத்தோடு விமானம் ஏறியவரை அல்ல, வீட்டில் குடியிருப்பவரை.

அளவையும் சரிபாருங்கள். தஞ்சைப் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி. புதுச்சேரியில் அது 576 சதுர அடி. வருவாய்ப் பதிவேட்டில் ‘ஆர்’, ‘சென்டியார்’ என்ற மெட்ரிக் அளவுகளில் இருக்கும். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர், நூறு சென்டியார் ஒரு ஆர்.

கட்டடத்துக்கு வருவோம். வாங்கிய கையோடு சுவர்களைச் ‘சரிசெய்கிறேன்’ என்று சிமென்ட் பூசுவதைப் போல ஒரு பழைய வீட்டுக்குக் கேடு வேறில்லை. இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே ஆவியாக விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுவதால், ஓரிரு மழைக்காலத்துக்குள் இடுப்பு உயரத்தில் வெள்ளை உப்புப் பூத்து, பூச்சு உப்பி, கையால் தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும். உரித்துப் பார்த்தால் பின்னால் செங்கல் மாவாக உதிரும். வீடு பார்க்கப் போகும்போது புதிதாக மஞ்சள் வண்ணம் அடித்த சுவரைக் கண்டால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்தி, உத்திரத்தைப் பாருங்கள். மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில், உத்திரத்தின் நடுப்பகுதி திடமாகத் தோன்றினாலும் சுவருக்குள் புதைந்த முனை கரையானாலோ ஈரத்தாலோ செத்திருக்கக்கூடும். பழைய கட்டடம் தானாக நிற்கும் என்று நினைப்பவர்கள், கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சி மாளிகை) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை நினைவில் கொள்ளலாம். இப்போது அங்கே நிற்பது திரும்பக் கட்டி 2021இல் திறக்கப்பட்டது.

தமிழர் பகுதியில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையே பொதுச்சுவர் இருப்பது சாதாரணம். அண்டை வீட்டாரிடம் எழுத்தில் உடன்பாடு செய்யாமல் கடப்பாரையை எடுத்தால், உங்கள் முற்றத்தை விரிவாக்கும் வேலை அவர்கள் வீட்டு அடுக்களையில் போய் முடியும்.

உப்புக் காற்றுக்குத் தனிச் செலவு ஒதுக்குங்கள். இரும்புக் கம்பி, கீல், ஏசியின் வெளி யூனிட் எதுவும் உள்நாட்டு ஊர்களில் உழைப்பது போல் உழைக்காது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். மழையைப் பொறுத்தவரை ‘பக்கத்தில் கடல் இருக்கிறது, தண்ணீர் ஓடிவிடும்’ என்பது வெறும் நம்பிக்கை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. புல்வாருக்குச் சற்று வெளியே உள்ள ரெயின்போ நகர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. தெருவைவிட வீட்டின் தரைமட்டம் தாழ்ந்திருக்கிறதா என்று வாசற்படியில் நின்றே சொல்லிவிடலாம்.

வாழ்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பார்த்துவிட்டு ‘என்ன அமைதி’ என்று முடிவு செய்பவர்களுக்கு, சனிக்கிழமை இரவில் சென்னை, பெங்களூர் வண்டிகள் வாசலை அடைத்து நிற்பது தெரியாது. கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால், அந்த நெரிசல் பக்கத்துத் தெருக்களில் இறங்குகிறது. பக்கத்து வீடு இப்போது குடியிருப்பா, தங்கும் விடுதியா, மாடியில் உணவகம் வரப்போகிறதா என்று விசாரியுங்கள். முடிந்தால் அதே தெருவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு, விலை பேசுவதை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கூரையும் தெருவும் பக்கத்து வீட்டாரும் எப்படி என்று தெரிந்துவிடும்.