பிராட்பேண்ட் லைனில் இரைச்சல்: இன்டர்லீவரை அளவு பார்க்காமல் ஏற்றாதீர்கள்

டெலிபோன் கம்பியில் வரும் பிராட்பேண்ட் லைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைச் செய்துகொண்டிருக்கிறார்கள். போனையும் டேட்டாவையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மாட்ட மறப்பது, ஈரம் ஏறிய ஜாயின்ட்டை விட்டுவிடுவது எல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். பிழைதிருத்தத்தில் நடப்பவற்றைத்தான் யாரும் சொல்வதில்லை.

எஃப்இசி எண்ணைப் பார்த்துப் பதறுவது

மோடம் காட்டும் எஃப்இசி எண்ணிக்கை, திருத்தப்பட்ட பிழைகள். திருத்த முடியாமல் போனவற்றைக் காட்டும் சிஆர்சி ஏறுகிறதா, அதைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் இன்டர்லீவர் ஆழத்தைக் கூட்டுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இன்டர்லீவர் என்பது பைட்களைக் கலைத்துப் பரப்பி அனுப்பும் பகுதி; எவ்வளவு பரப்புகிறது என்பதே ஆழம். ஒரு வீட்டில் விளக்கு வைக்கும் நேரமானால் லைன் அறுந்துவிடும். பார்க்க வந்த தம்பி ஆழத்தை 64க்கு ஏற்றினார். பிங் (தாமதம்) கூடியது, சிஆர்சி நிற்கவில்லை. கடைசியில் நல்ல கேபிளையே மாற்றினார்கள், அப்போதும் சரியாகவில்லை. காரணம், மாடிப்படி விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவான டிம்மர்.

கணக்கு இதுதான். ரீட்-சாலமன் என்ற பிழைதிருத்த முறையில் 255 பைட் கோட்வேர்டில் (ஒன்றாகக் காக்கப்படும் பைட் தொகுப்பு) திருத்தத்துக்காகச் சேர்க்கும் 16 பாரிட்டி பைட் இருந்தால், எந்த 8 பைட் கெட்டாலும் மீட்கலாம். 8 எம்பிபிஎஸ் ஏடிஎஸ்எல் லைனில் ஒரு சிம்பலுக்கு (ஒரே வீச்சில் போகும் சிக்னல் துண்டு) சுமார் 250 பைட். கணநேர இரைச்சலான ஒரு துடிப்பு இரண்டு சிம்பல்களைக் கெடுத்தால் 500 பைட் காலி. ஆழம் 64 என்றால் ஒரு கோட்வேர்டின் பைட்கள் 64 பைட் இடைவெளியில் போகும். அந்த அடியில் அதற்கு 8 பைட்டுக்கு மேல் சேதமில்லை. எப்போதாவது வரும் துடிப்புக்கு இது போதும்.

டிம்மர் அப்படியில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லி நொடிக்கு ஒருமுறை அடிக்கும். 64 ஆழத்தில் பரப்பிய கோட்வேர்டு ஏறக்குறைய 16 மில்லி நொடி நீளம். இரண்டு அடி வாங்கினால் 16 பைட் வரை கெடும், மீட்க முடிவதோ 8. இங்கே கோட்வேர்டைச் சுருக்க வேண்டும். அதே ஆழம், அதே 16 பாரிட்டி, நீளம் மட்டும் 127 பைட் என்று வைத்தால் 8 மில்லி நொடியில் முடிந்துவிடும், ஓர் அடிதான் விழும். பாரிட்டியின் பங்கு 6 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு மேல் போவதால் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் அடிகளுக்கு நடுவே 8.3 மில்லி நொடிதான். அங்கே இன்னும் சுருக்க வேண்டும்.

அப்புறம், மூலத்தையும் தேடுங்கள். மீடியம் வேவ் ரேடியோவை எந்த நிலையமும் எடுக்காத இடத்தில் வைத்து, சுவிட்சுகளின் பக்கமாகக் கொண்டுபோங்கள். டிம்மர் அருகே உறுமும்.

மார்ஜினை ஏற்றுவது

மார்ஜின் என்பது இரைச்சல் கூடினாலும் தாங்க விட்டுவைக்கும் இடைவெளி; அது விடாமல் இருந்துகொண்டிருக்கும் இரைச்சலுக்கானது. 6 டெசிபலை 9 ஆக்கினால் டோனுக்கு (டேட்டா சுமக்கும் ஒவ்வொரு அலைவரிசைக்கும்) ஏறக்குறைய ஒரு பிட் இழப்பீர்கள். துடிப்பு அந்த 3 டெசிபலைத் தாண்டி எங்கோ உயரத்தில் வரும்.

ஜி.998.4ஐ அணைத்தே வைத்திருப்பது

கெட்ட பகுதியை மட்டும் மறுபடி அனுப்பும் இந்தத் தரம் 2010இல் வந்தது. மோடம், டிஸ்லாம் (எக்ஸ்சேஞ்ச் பக்கக் கருவி) இரண்டும் ஏற்றால் இன்டர்லீவரைத் தொடும் முன் இதை ஆன் செய்யுங்கள்.