வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சிறுகதைப் பாடம்: கதையை விட்டு வாக்கியத்தைப் பிடிக்கும் வழி

பிரிட்டனிலோ அயர்லாந்திலோ ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறவர்களுக்குச் சிறுகதைத் தாள் சுலபமாகத்தான் தெரியும். வாரத்துக்கு ஒன்றிரண்டு கதைகள், பத்துப் பதினைந்து பக்கங்கள். முதல் கட்டுரை திரும்பி வரும்போதுதான் உறைக்கும். கதை முழுக்கப் புரிந்திருக்கும், சுருக்கமும் பிழையில்லாமல் இருக்கும், மதிப்பெண் மட்டும் ஐம்பதைத் தாண்டியிருக்காது. ஆங்கிலத்தின் மேல் பழி போடாதீர்கள். கோனார் உரை காலத்திலிருந்தே கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, ஆசிரியர் உணர்த்தும் நீதி என்று எழுதிப் பழகிய கை நம்முடையது. அங்கே அந்த மூன்றுக்கும் தனி மதிப்பெண் கிடையாது. எந்தச் சொல்லில், யார் குரலில், எதை மறைத்துச் சொல்லியிருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

எண்களைப் பார்த்தும் மிரள வேண்டாம். பிரிட்டனில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு, 60 நல்ல மதிப்பெண். 80 அபூர்வம்.

ஒரு கதையை வைத்தே முறையைப் பார்ப்போம். ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' (1914) தொகுப்பில் 15 கதைகள். அதில் 'கிளே' சிறிய கதைகளில் ஒன்று. தலைப்புக்குக் களிமண் என்று பொருள். சலவைக்கூடமொன்றின் சமையலறையில் வேலை செய்யும் மரியா, தான் வளர்த்த ஜோவின் வீட்டுக்கு ஹாலோவீன் இரவில் போகிறாள். விளையாட்டு நடக்கிறது, ஒரு பாட்டுப் பாடுகிறாள். அவ்வளவுதான் கதை.

முதல் வாசிப்பில் அகராதி வேண்டாம். ஒரே மூச்சில் படித்துவிட்டு, எந்த இடம் இடறியது என்று மட்டும் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். இடறிய இடம் பெரும்பாலும் உங்கள் ஆங்கிலக் குறை அல்ல. எழுத்தாளர் வேண்டுமென்றே வைத்த இடைவெளியாக இருக்கும்.

இரண்டாம் வாசிப்பில் அகராதியை எடுங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பு போதாது. நூலகக் கணக்கு வழியாக ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொல் எந்த ஆண்டில் என்ன பொருளில் வழங்கியது என்று அது காட்டும். சொல்லைப் போலவே வழக்கத்தையும் தேட வேண்டும். மரியாவின் கண்ணைக் கட்டி மேசைக்கு அழைத்துப் போகிறார்கள். தட்டில் ஈரமான, மென்மையான ஏதோ ஒன்றைத் தொடுகிறாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் திட்டு விழுகிறது. மறுபடி தொடச் சொல்கிறார்கள். இம்முறை பிரார்த்தனைப் புத்தகம் வருகிறது. என்ன நடந்தது? அந்த ஐரிஷ் விளையாட்டில் மோதிரம் வந்தால் கல்யாணம், பிரார்த்தனைப் புத்தகம் வந்தால் கன்னிமடம், களிமண் வந்தால் சாவு. சாமி முன்னால் பூக்கட்டிப் பார்க்கிற ஊரிலிருந்து போகிறவருக்கு, இதைச் சொன்னதும் அந்த அமைதி சட்டென்று புரிந்துவிடும். அவள் தொட்டது இன்னதென்று கதை எங்கும் சொல்வதில்லை. தலைப்பு மட்டும்தான் சொல்கிறது.

மரியா பாடும் பாட்டும் அப்படித்தான். பால்ஃப் இசையமைத்த 'தி போஹீமியன் கேர்ள்' (1843) ஓபராப் பாட்டு அது. இரண்டாம் சரணத்துக்கு மறுபடி முதல் சரணத்தையே பாடுகிறாள்; யாரும் திருத்தவில்லை. விடுபட்ட சரணத்தைத் தேடிப் படித்தால், அதில் பெண் கேட்டு வரும் காதலர்கள் இருப்பார்கள். கட்டுரையில் ஒரு பத்திக்கு இந்த இடம் போதும்.

மூன்றாம் வாசிப்பு ஒருநாள் கழித்து, இரண்டே பத்திகள், வாய்விட்டு. இப்போது குரலைக் கவனியுங்கள். 'வெரி', 'நைஸ்' என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். கதைசொல்லி படர்க்கையில் பேசினாலும் சொற்கள் மரியாவுடையவை. ஐயம் வந்தால் வாக்கியத்தின் கடைசியில் 'என்று அவள் நினைத்தாள்' என்று ஒட்டிப் பாருங்கள். இயல்பாக ஒட்டினால் அது பாத்திரத்தின் குரல். ஆசிரியரே மரியாவைப் பாராட்டுகிறார் என்று எழுதிவிடும் தவறு இந்தச் சோதனையில் நின்றுவிடும்.

கலந்துரையாடல் வகுப்பில் பேசாமல் இருப்பது அங்கே மரியாதையாகப் படாது. படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வரிகளைப் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு போங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அதை வேறொருவர் சொல்லிவிடுவார்.

கட்டுரை 2,000 சொல் என்றால், முன்னுரைக்கு 150, முடிவுரைக்கு 150. மீதியில் ஐந்து பத்திகள், பத்திக்கு ஓர் இடம். மேற்கோள் நாலைந்து சொல்லில் இருக்கட்டும், அதன் பிறகு வரும் உங்கள் விளக்கம் அதைப்போல் பல மடங்கு இருக்கட்டும். கதையில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுங்கள். தமிழில் இறந்தகாலம் கைக்கு வருவதால் பத்திக்கு இரண்டு இடமாவது வழுக்கும். கடைசியில் வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எழுத்தாளரைக் குடும்பப் பெயரால் சொல்லுங்கள், 'மிஸ்டர்' வேண்டாம். பாடத்திட்டத்தில் சொன்ன பதிப்பையே வாங்குங்கள். குட்டன்பெர்க் தளத்தில் 'டப்ளினர்ஸ்' இலவசம்தான், ஆனால் அதில் அச்சுப் பக்க எண் இல்லாததால் பக்கம் காட்டி மேற்கோள் குறிப்பு எழுத முடியாது.

விமர்சனக் கட்டுரைகளை உங்கள் வரைவுக்குப் பின்னால் படியுங்கள். முன்னால் படித்தால் அவர்கள் சொல்லே நம் சொல்லாகிவிடும். இரண்டு மூன்று சொல்லை மட்டும் மாற்றி எழுதுவதும் அங்கே திருட்டுதான். குறிப்பெடுக்கும்போதே அவர்கள் சொன்னதை மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது.

ஆசிரியர் மாணவரைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்துக்கு முழுக் கட்டுரையோடு போனால் பெரும்பாலும் படிக்க மாட்டார்கள். ஒரே ஒரு பத்தியைக் கொண்டுபோய், 'இதில் நான் கதைச்சுருக்கம் எழுதுகிறேனா?' என்று கேளுங்கள்.