ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்கு: சறுக்கும் இடங்கள்

பல வருடம் விஞ்ஞானியாக வேலை பார்த்துவிட்டு அறிவியல் ஆசிரியராகிறவர்களுக்குப் பாடம் தெரியாது என்ற பிரச்சினை வருவதில்லை. ரொம்பத் தெரிந்திருப்பதுதான் பிரச்சினை. தனக்கும் ஒரு காலத்தில் இது தெரியாமல் இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும்.

1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற உளவியல் ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் பிடிபட்டது மூன்றே மூன்று. தட்டுகிறவர் மனதில் பாட்டு முழுதாக ஓடுகிறது, கேட்கிறவர் காதில் விழுவது வெறும் டொக் டொக்.

என் முதல் மாத வேதியியல் வகுப்பும் அதே டொக் டொக்தான். மோல் என்பது அணு, மூலக்கூறு போன்ற துகள்களை எண்ணும் அலகு. ஒரு மோலில் எத்தனை துகள் என்பதற்குப் பலகையில் 6.022 × 10²³ என்று எழுதி, மோல் கணக்குக்குத் தாவிவிட்டேன். "சார், ஒரு மோல் எவ்வளவு பெருசா இருக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, அவள் கேட்டதுதான் பாடமே. மறுநாள் அளவு ஜாடியில் ஒரு மோல் தண்ணீர், அதாவது 18 மில்லி, ஊற்றிக் காட்டினேன். ஒரு மடக்குதான் வரும். பக்கத்திலேயே ஒரு மோல் சமையல் உப்பு, 58 கிராம் சொச்சம். "ரெண்டும் ஒரு மோல்னா உப்பு மட்டும் ஏன் இவ்வளவு கனம்?" என்று வகுப்பே கேட்டது. மோல் பாடம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

அடுத்தது, பிள்ளைகள் காலித் தலையோடு வருகிறார்கள் என்று நினைப்பது. அவர்களிடம் ஏற்கெனவே விளக்கம் இருக்கிறது. கோடையில் சூரியன் கிட்டே வருகிறது, அதனால் சூடு. நீங்கள் பூமி அச்சின் 23.5 டிகிரி சாய்வைப் படம் போட்டு விளக்கினால் தேர்வில் அதையே எழுதுவார்கள். வெளியே வந்ததும் பழைய விளக்கத்துக்கே திரும்புவார்கள். முதலில் அவர்களைச் சொல்ல விடுங்கள். அப்புறம், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், வடகோளத்தின் குளிர்காலத்தில் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

சும்மா இருப்பது லேசில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே கவனித்திருக்கிறார். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். கருத்தரங்கில் கேள்விக்கு உடனே பதில் சொல்லிப் பழகியவருக்கு அந்த மூன்று நொடி ஒரு யுகம். "புரிஞ்சுதா?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

செய்முறை வகுப்பில் அனுபவசாலிதான் அதிகம் கோட்டை விடுகிறார். ஆய்வகத்தில் சொதப்பினால் நாளைக்குத் திரும்பச் செய்யலாம். இங்கே மணி அடித்துவிடும். எத்தனை முறை செய்த சோதனையானாலும், பள்ளி அலமாரியில் இருக்கும் அதே பழைய பாட்டிலை வைத்து முந்தின நாளே ஒருமுறை செய்து பாருங்கள். பாதுகாப்புக்கும் அதே கதை. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல என்பது உங்கள் கைக்குத் தெரியும். எதிரில் இருக்கும் முப்பது ஜோடிக் கைகளுக்குத் தெரியாது.

வேலையை விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை: கற்பித்தல் தகுதிச் சான்று தேவையா, எவ்வளவு காலம் ஆகும், சம்பளம் எவ்வளவு குறையும் என்று விசாரிப்பது. ஒரு வாரமாவது யாராவது ஓர் ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது. ஓய்வான வேலை என்று நினைத்து வருகிறவர்களுக்கு இரண்டாம் நாளே தெளிந்துவிடும்.

பழைய வாழ்க்கையை மறைக்கவும் வேண்டாம், விருதுப் பட்டியலாக ஒப்பிக்கவும் வேண்டாம். "சார், நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருவன் கேட்டான். ஒரு புரதத்தைப் படிகமாக்க இரண்டு வருடம் முயன்று தோற்றதைச் சொன்னேன். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.