பச்சிளங்குழந்தையின் எச்ஆர்வி: இயல்பான அளவைக் கண்டறிவது எப்படி?

குழந்தையின் இதயம் கடிகாரம் மாதிரி துடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 420 மில்லிவிநாடி, பிறகு 428, அப்புறம் 415, 425 என்று முன்பின்னாகத்தான் ஓடும். இந்த ஏற்ற இறக்கம்தான் இதயத்துடிப்பு மாறுபாடு, சுருக்கமாக எச்ஆர்வி. ஆரோக்கியமான குழந்தைகளிடம் இது எவ்வளவு இருக்கும் என்று ஓர் அட்டவணை போட்டுப் பார்ப்போம்.

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். குறைமாதக் குழந்தைகளிடம் மாறுபாடு குறைவு. அவர்களையும் 37 வாரம் தாண்டிப் பிறந்தவர்களையும் ஒன்றாகக் கலந்தால் கணக்கு கெடும். ஒரு பிரிவுக்குக் குறைந்தது 120 பேர் வேண்டும்.

அடுத்தது, பொறுமையைச் சோதிக்கும் வேலை. பால் குடித்ததும் தூங்கிவிட்டதே என்று உடனே பதிவைத் தொடங்காதீர்கள். இமைக்குள் கண் உருள்கிறது, முகம் சுளிக்கிறது, மூச்சு சீராக இல்லை என்றால் அது கிளர்ச்சித் தூக்கம். மூச்சு சீராகி, கைகால் அடங்கி, அமைதித் தூக்கம் வரும்வரை காத்திருங்கள். இரண்டிலும் எண்கள் வேறுவேறு. எந்த நிலையில் எடுத்தது என்று எழுதாத பதிவை நான் சேர்க்கவே மாட்டேன்.

இப்போது ஐந்து நிமிட இசிஜி, அதாவது இதயத்தின் மின்துடிப்புப் பதிவு. விநாடிக்கு 250 புள்ளி எடுக்கும் கருவியில் ஒரு புள்ளிக்கு 4 மில்லிவிநாடி. நாம் தேடும் வித்தியாசமே 8, 10 தான்! விநாடிக்கு 500 புள்ளிக்கு மேல் இருந்தால் நல்லது.

பதிவைக் கண்ணாலும் பாருங்கள். மென்பொருள் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் 420 என்பது 840 ஆகிவிடும்.

சரி, கணக்கு. மேலே சொன்ன நான்கு எண்களின் வித்தியாசங்கள் 8, 13, 10. வர்க்கங்கள் 64, 169, 100, சராசரி 111, வர்க்கமூலம் சுமார் 10.5 மில்லிவிநாடி. இதற்கு ஆர்எம்எஸ்எஸ்டி என்று பெயர்.

ஏற்ற இறக்கம் விநாடிக்கு எத்தனை முறை வருகிறது (ஹெர்ட்ஸ்) என்று பிரித்துப் பார்க்கும் அதிர்வெண் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1996இல் வந்த ஐரோப்பிய, வட அமெரிக்க வழிகாட்டுதலில் மூச்சோடு சேர்ந்த உயர் அதிர்வெண் பட்டை 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ், அது பெரியவர்களுக்கு. குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும், அதாவது 0.5 முதல் 1 ஹெர்ட்ஸ். பழைய பட்டையை அப்படியே வைத்தால் மூச்சின் பங்கு முழுவதும் வெளியே நின்றுவிடும்.

கடைசியில் இயல்பான அளவின் வரம்பு. எண்கள் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கும் என்பதால் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் கீழ் எல்லை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகலாம். வரிசைப்படுத்தி 2.5ஆவது, 97.5ஆவது சதமான அளவுகளை எடுங்கள், அதாவது நடுவில் உள்ள 95 சதவீதக் குழந்தைகளின் இரு எல்லைகளை. பக்கத்திலேயே சராசரி இதயத்துடிப்பையும் எழுதுங்கள். துடிப்பு வேகமானால் மாறுபாடு தானாகவே சுருங்கும்.