கால் மரத்துப் போனால் வைட்டமின் ஈ மாத்திரையா?

வைட்டமின் ஈ என்றதும் முடியும் முகமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் முக்கியமான வேலை நரம்பில்தான். நரம்பு செல்களின் சவ்வும், நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையும் பெரும்பாலும் கொழுப்பால் ஆனவை. எண்ணெய் சிக்குப்பிடிப்பதுபோல அந்தக் கொழுப்பும் ஆக்சிஜனேற்றத்தால் கெடும். அதைத் தடுப்பது இந்த வைட்டமின். கடுமையாகக் குறைந்தால் கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், முழங்காலில் தட்டினால் கால் துள்ளும் அனிச்சைச் செயலும் மறையும்.

ஆனால் சாப்பாட்டில் குறைந்ததால் மட்டும் இந்த நிலை வருவது அபூர்வம். கொழுப்பை உடல் உறிஞ்ச முடியாத நாள்பட்ட கல்லீரல், குடல் நோயாளிகளுக்கும், சில பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கும்தான் பெரும்பாலும் வருகிறது. மரத்துப்போவதற்குச் சர்க்கரை நோயும் பி12 குறைபாடும்தான் அடிக்கடி காணும் காரணங்கள். முதலில் அவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 மி.கி. போதும். ஒரு கைப்பிடி பாதாமில் 7 மி.கி. அளவு கிடைக்கும். பாதாம் விலை கட்டுப்படியாகாதா? சரி, சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 5 மி.கி.க்கு மேல் இருக்கிறது. வேர்க்கடலையிலும் ஓரளவு உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு.

மருந்துக்கடையில் கேட்டு 400 மி.கி. மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.