வீட்டில் சர்க்கரை அளவு பார்க்கையில் நேரும் தவறுகள்

குளுக்கோமீட்டரின் திரையில் எதிர்பாராத ஓர் எண் தோன்றினால், பலரும் முதலில் சந்தேகப்படுவது கருவியைத்தான். கருவி தவறாகக் காட்டுவதும் உண்டு என்றாலும், வீட்டுச் சோதனையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை விரலில் குத்துவதற்கு முன்போ, எண்ணைப் படித்த பின்போ நிகழ்பவை. முன்னவற்றை ஒரு நாளில் திருத்திக்கொண்டுவிடலாம். பின்னவை ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமலேயே தொடர்கின்றன.

கை கழுவாமல் சோதிப்பதிலிருந்து தொடங்குவோம். இன்றைய மீட்டர்கள் பலவற்றுக்கும் ஒரு மைக்ரோலிட்டர் அளவோ அதற்கும் குறைவாகவோ இரத்தம் போதும். அவ்வளவு சிறிய துளியில், பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத சாறு கலந்தால்கூட, இயல்பாக இருக்கும் சர்க்கரை மிக அதிகமாக இருப்பதுபோலக் காட்டிவிடும். ஆல்கஹால் பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும் என்ற எண்ணமும் சரியன்று. அதனால் சாறு முழுமையாக நீங்குவதில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்த பிறகே குத்த வேண்டும். கழுவ வழியே இல்லாத இடத்தில், முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்தலாம். இரத்தம் வரவில்லையென்று விரலை அழுத்திப் பிதுக்குவோர் திசுநீரையும் (உடல் செல்களைச் சுற்றியிருக்கும் நீர்) சேர்த்துப் பிதுக்கி இரத்தத்தில் கலந்துவிடுகிறார்கள் என்பதால், கையைச் சிறிது நேரம் தொங்கவிட்டு அல்லது வெதுவெதுப்பான நீரில் கழுவி இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதே நல்லது. விரல் நுனியின் நடுப்பகுதியைவிடப் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு.

இரத்தத் துளியை வாங்கிக்கொள்ளும் பட்டையான ஸ்ட்ரிப்பில் இருப்பது ஈரத்தாலும் வெப்பத்தாலும் கெடக்கூடிய ஒரு நொதி. அதன் டப்பாவுக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருள் வைக்கப்பட்டிருப்பதால், ஸ்ட்ரிப்புகளை வேறு டப்பாவுக்கு மாற்றுவதும், மூடியைத் திறந்தே வைப்பதும், குளியலறையிலோ வெயிலில் நிற்கும் வாகனத்திலோ விட்டுவைப்பதும் அவற்றைப் பாழாக்கும். காலாவதி நாளைப் பார்க்கிறவர்கள்கூட, டப்பாவைத் திறந்தபின் எத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று சில நிறுவனங்கள் அச்சிட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. புதிய டப்பாவைத் திறக்கும்போதோ, மீட்டர் கீழே விழுந்த பிறகோ, அதற்கென்றே விற்கப்படும், சர்க்கரை அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் திரவத்தைக் கொண்டு ஒருமுறை சரிபார்த்துவிட்டால் வீண் சந்தேகம் தீரும்.

ஆய்வகத்தில் 142 என்று வந்தது, வீட்டில் 158 காட்டுகிறது, எனவே மீட்டர் பொய் சொல்கிறது என்ற முடிவு அவசரமானது. வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற தரவிதியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராமும், 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 விழுக்காடும் கூடவோ குறையவோ இருக்கலாம். சோதனைகளில் 95 விழுக்காடு அந்த எல்லைக்குள் வந்தால் போதும். அதாவது உண்மையான அளவு 200 எனில், 170 முதல் 230 வரை எந்த எண்ணும் தரத்துக்கு உட்பட்டதே. ஆய்வகத்திலும், எடுத்த இரத்தத்திலிருந்து அணுக்களை உடனே பிரித்தெடுக்காமல் சாதாரண அறை வெப்பத்தில் விட்டுவைத்தால், இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தொடர்ந்து செலவழிப்பதால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு குறையும். உணவுக்குப் பிறகு விரல் நுனி இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, ஆய்வகத்தில் எடுக்கும் சிரை இரத்தத்தில் இருப்பதைவிட இயல்பாகவே அதிகம். ஆகவே ஒப்பிட விரும்புகிறவர், வெறும் வயிற்றில், ஆய்வகத்தில் இரத்தம் எடுத்த சில நிமிடங்களுக்குள் தம் மீட்டரிலும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் பேசிவைப்பது நல்லது.

இனி நேரத்தைப் பற்றி. என் பார்வையில் மிகப் பரவலான தவறு, காலை வெறும் வயிற்றில் மட்டுமே பார்த்துவிட்டு நிம்மதியடைவதுதான். காலை எண் 110 என்றே மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்க, இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் உயர்ந்துகொண்டே போனால், ஏற்றம் உணவுக்குப் பின் நிகழ்கிறது என்று பொருள் கொள்ள இடமுண்டு. ஒரே உணவுக்கு முன்னும், அதைத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால், அந்த உணவு என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும். இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் உணவிலிருந்து கணக்கிடப்படுவது; உண்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணினால் உச்சம் தாண்டிப்போயிருக்கும். கருவுறாத பெரியவர்கள் பலருக்கும் உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும், உணவு தொடங்கிய ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 180க்குக் கீழும் இருக்கலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வகுத்திருக்கிறது. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு என்பதால், அடுத்தவருடைய இலக்கைத் தமக்குப் பொருத்திப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

எத்தனை முறை பார்க்க வேண்டும் என்பது எடுத்துக்கொள்ளும் மருந்தைப் பொறுத்தது. இன்சுலின் போடுபவருக்கு அடிக்கடி பார்ப்பது தவிர்க்க முடியாதது. சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகாத மாத்திரை மட்டும் உண்பவர், வந்த எண்ணைக் கொண்டு உணவிலோ நடையிலோ மருந்திலோ எதையும் மாற்றப்போவதில்லை என்றால், தினமும் பலமுறை குத்திக்கொள்வதால் விரல் புண்ணாவதைத் தவிரப் பயன் அதிகம் இல்லை. எண்ணை மட்டும் எழுதி, நேரத்தையும் உணவையும் மருந்தையும் எழுதாமல் விடுவதும் ஏறக்குறைய அதே வீண் வேலைதான். மருத்துவரைப் பார்க்கப்போகும் வாரத்தில் மட்டும் கட்டுப்பாடாக இருந்து நல்ல எண்களைச் சேர்ப்பவர்களை ஹெச்பிஏ1சி எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணைக் கண்டதும் எடுக்கும் முடிவுகளில்தான் ஆபத்து அதிகம். உணவுக்குப் பின் 260 வந்ததும் பதறி, சற்று முன் போட்ட விரைவு இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கையிலேயே மறுபடியும் போட்டுக்கொண்டால், இரண்டும் சேர்ந்து சில மணி நேரத்தில் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும். எண் இயல்பாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துபவர், அந்த எண்ணைத் தந்ததே மாத்திரைதான் என்பதை மறந்துவிடுகிறார். எண் 70க்குக் கீழே இறங்கினால் சுமார் 15 கிராம் விரைவாகக் கரையும் சர்க்கரையை எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். கொழுப்பு மிகுந்த சாக்லேட் இதற்கு உதவாது, ஏனெனில் கொழுப்பு சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். 54க்குக் கீழே இறங்குவது கடுமையான நிலை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். நடுக்கமும் வியர்வையும் இருந்து, சோதிக்க வசதி இல்லையென்றால், எண்ணுக்காகக் காத்திராமல் சர்க்கரையை உட்கொள்வதே சரி. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவர்களுக்குப் படபடப்பு போன்ற எச்சரிக்கைகள் மங்கலாம் என்பதால், அவர்கள் அறிகுறியை மட்டும் நம்பக் கூடாது.

காய்ச்சலில் சாப்பிடவில்லையே என்று சோதனையை நிறுத்திவிடுவது இன்னொரு பழக்கம். நோய்த்தொற்று, உண்ணாதவருக்கும் சர்க்கரையை உயர்த்தும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், 240க்கு மேல் தொடர்ந்து இருந்தால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருளுக்கான சோதனையும் செய்ய வேண்டும். திரையில் எண்ணுக்குப் பதிலாக ‘ஹை’ என்று வந்தால் அது பெரும்பாலும் கருவியின் பழுதன்று; பல மீட்டர்களில் 600ஐத் தாண்டிவிட்டது என்பதற்கான அறிவிப்பு. கை கழுவி மறுபடி பார்த்தும் அதுவே வந்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்கக் கூடாது.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கத் தோலில் ஒட்டும் உணரிகளைப் பயன்படுத்துவோர், அவை அளப்பது இரத்தத்தை அல்லாமல் திசுநீரை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் உணரி சில நிமிடங்கள் பின்தங்கும். அதன்மேல் படுத்துறங்கினால் பொய்யாகத் தாழ்நிலையைக் காட்டும். உடல் சொல்வதும் உணரி சொல்வதும் ஒத்துப்போகாதபோது விரலில் குத்தியே பார்க்க வேண்டும்.

சோதனைக்காக விரலில் ஊசி குத்தும் பேனாவைக் குடும்பத்தில் பகிர்ந்துகொள்வதை அன்பின் பெயரில்கூட ஏற்க முடியாது. ஊசியை மட்டும் புதிதாக மாற்றினாலும், பேனாவில் படிந்திருக்கும் இரத்தத்தின் வழியே ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று பரவ முடியும். ஆகவே ஆளுக்கொரு பேனா வேண்டும். பயன்படுத்திய ஊசிகளை வெறும் குப்பைப் பையில் போடாமல், குத்தித் துளைக்க முடியாத கெட்டியான மூடியுள்ள டப்பாவில் சேர்த்துவைத்து, மருத்துவக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.