மூன்று மெஷின், ஒரே ரிப்போர்ட்: ஜேமீட்டர் ரிசல்ட்டை ஒன்றுசேர்க்கும் முறை

கம்பத்தில் ஒன்று, போடியில் ஒன்று, மலைக்கு மேலே குமுளியில் ஒன்று. ஏலக்காய் ஏல சைட் எவ்வளவு லோடு தாங்கும் என்று பார்க்க, லோடு டெஸ்ட் கருவியான ஜேமீட்டரில், மூன்று மெஷினிலிருந்தும் தலா 100 த்ரெட் (போலிப் பயனர்) வைத்து அடித்தாயிற்று. கையில் மூன்று ஜேடிஎல் ஃபைல் (ரிக்வெஸ்ட்டுகளின் ரிசல்ட் வரிவரியாக விழும் ஃபைல்). ஸ்கிரிப்ட் எழுதத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம்.

ஓட்டும் முன்பே மூன்றிலும் ஒரே ஜேமீட்டர் வெர்ஷன், ஒரே செட்டிங் இருக்கட்டும். ஃபைலில் பத்திகளின் (column) வரிசை மாறினால் சேர்ப்பது வீண். ஹோஸ்ட்நேமை (மெஷின் பெயரை) சேமிக்கும் செட்டிங்கை ஆன் செய்யுங்கள், எந்த வரி எந்த ஊர் என்று பிறகு தெரியும். பழைய ஃபைல் பெயரையே கொடுத்தால் புது ரிசல்ட் அதன் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுப் பெயர் வையுங்கள்.

கடிகாரம்தான் காலை வாரும். ஜேடிஎல்லில் நேரம் மில்லிசெகண்டில் விழுகிறது, அதுவும் அந்தந்த மெஷினின் கடிகாரப்படி. குமுளி 40 செகண்ட் பின்தங்கியிருந்தால் அங்கே ஏறிய லோடு வரைபடத்தில் 40 செகண்ட் முன்னால் தெரியும். மூன்றிலும் க்ரோனி (கடிகாரத்தைச் சரிப்படுத்தும் புரோகிராம்) ஓடவிட்டு, வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சேர்ப்பது சுலபம். முதல் ஃபைல் முழுசாக, மற்ற இரண்டும் இரண்டாம் வரியிலிருந்து. தலைப்பு வரி நடுவில் மாட்டினால், எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து நிற்கும். மூன்று ஃபைலின் மொத்த வரிகளில் 2 குறைந்திருந்தால் சரி. பிறகு நேரம் உள்ள முதல் பத்தியை எண்ணாக வைத்து வரிசைப்படுத்துங்கள் (sort). ஃபெயிலியர் மெசேஜுக்குள் வரி உடைந்திருந்தால் ஷெல்லின் sort கமாண்ட் ஃபைலையே குலைத்துவிடும். அதனால் ஷெல்லைவிடப் பைத்தானின் பாண்டாஸ் லைப்ரரி மேல்.

அடுத்து ரிப்போர்ட் எடுக்க, ஜேமீட்டரின் ஜி (-g) ஆப்ஷனில் சேர்த்த ஃபைல், ஓ (-o) ஆப்ஷனில் காலி ஃபோல்டர். காலியாக இல்லாவிட்டால் ரிப்போர்ட் வராது.

மூன்று ரிப்போர்ட்டின் 95 பெர்சன்டைலை (நூற்றில் 95 ரிக்வெஸ்ட் முடிந்துவிடும் நேரம்) கூட்டி மூன்றால் வகுக்கவே கூடாது. கம்பத்தில் 9,000 ரிக்வெஸ்ட்டுக்கு 400 மில்லிசெகண்ட், குமுளியில் 1,000 ரிக்வெஸ்ட்டுக்கு 4,000 என்றால், இந்த இரண்டின் சராசரி 2,200 எதற்கும் உதவாது. மூன்று களத்துக் காயையும் ஒன்றாகக் கொட்டிச் சல்லடை போடுவதுபோல, மூல வரிகளைச் சேர்த்த பிறகே பெர்சன்டைல் எடுக்க வேண்டும். த்ரூபுட்டை (செகண்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட் என்பதை) கூட்டலாம், மூன்றும் ஒரே நேரத்தில் ஓடியிருந்தால் மட்டும்.

பின்சேர்ப்பு: சேர்த்த ஃபைலை எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள். 10,48,576 வரிக்கு மேல் உள்ளது அத்தனையும் போய்விடும்.